பள்ளி மாணவர்களும் நகரத்துத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

நகரத்தில் நீர்ச் சிக்கனத்தை வளர்க்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை எவ்வாறு ஈடுபடுத்தலாம் என்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்தும் அதன் புறநகரிலிருந்தும் வந்தவை என்பதால், பதில்களும் அந்நகரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தை முன்னிட்டுப் பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி எல்லாம் நடத்துகிறோம். மறுநாள் கழிப்பறைக் குழாய் வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வேறு என்னதான் செய்வது?
– அறிவியல் ஆசிரியர் ஒருவர், வடசென்னை

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. குழாய் ஒழுகுவதை நீங்களும் மாணவர்களும் பார்த்திருக்கிறீர்கள்; ஆனால் அது எவ்வளவு ஒழுகுகிறது என்று எவரும் அளந்ததில்லை. அளக்காதவரை அது யாருடைய பொறுப்பும் ஆகாது. ஆகவே, பேரணிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது பள்ளியின் நீர்க்கணக்கை எடுப்பதற்குத் திருப்பிவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை.

பல பள்ளிகளில் தண்ணீர் மீட்டர் இருக்காது, அல்லது இருந்தும் ஓடாது. அதனால் பாதகமில்லை. தரைத்தொட்டியான சம்ப்பின் நீள அகலத்தை அளந்துகொண்டால் அதுவே மீட்டராகிவிடும். நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர் என்றால், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்போது 60 லிட்டர் வெளியேறியிருக்கிறது என்று பொருள். சென்டிமீட்டர் குறிகள் இட்ட நீண்ட மரச்சட்டம் ஒன்று போதும். சம்ப்பின் மூடியைத் திறந்து மூடுவதைக் காவலரோ ஆசிரியரோ மட்டுமே செய்யவேண்டும்; சட்டத்தை நனைத்து அளவு பார்ப்பதும் குறிப்பேட்டில் எழுதுவதும் மாணவர் வேலை.

எல்லாவற்றிலும் பயனுள்ள அளவு இரவில் ஏற்படும் இழப்பின் அளவுதான். மாலையில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்வரை மோட்டாரை ஓட்டி நிறுத்துங்கள். குடிநீர் வாரிய இணைப்பிலிருந்து சம்ப்புக்கு வரும் வால்வையும் மூடிவிடுங்கள். மறுநாள் காலை, எவரும் எந்தக் குழாயையும் திறப்பதற்கு முன்பாகவே சம்ப்பின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போட்டு, மேல்தொட்டி மறுபடி நிரம்பியதும் மட்டத்தை மீண்டும் பாருங்கள். யாருமே இல்லாத பள்ளியில் இரவு முழுவதும் தண்ணீர் எவ்வளவு போயிற்று என்பது தெரிந்துவிடும். 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், மேலே சொன்ன தொட்டிக் கணக்கில், 300 லிட்டர். எந்த மாணவரும் ஏணியில் ஏறாமல் கிடைக்கும் விவரம் இது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018இல் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதிக்கும் நிலைக்கு வந்தபோது, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்கள் உருவாக்கிய மின்னணு மீட்டர்கள் பள்ளிகளில் பொருத்தப்பட்டன. அவை முதலில் காட்டிக்கொடுத்ததும் நள்ளிரவில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைத்தான். அங்கே மின்னணுக் கருவி செய்ததை இங்கே மரச்சட்டம் செய்யும். நாளுக்கு இருமுறை பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவே.

இழப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டிகளே குற்றவாளிகள். தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. எந்தத் தொட்டி, எந்தத் தேதி, என்ன கோளாறு என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிளம்பர் வந்து சரிசெய்த தேதியையும் அதே ஏட்டில் மாணவர்களே பதியட்டும். அந்தக் கடைசிப் பத்தி காலியாகவே இருந்துவிட்டால், அடுத்த ஆண்டு மாணவர்கள் அளக்க வரமாட்டார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு வாஷராவது மாற்றப்படவேண்டும். நிருவாகம் இதற்கு ஒப்புக்கொண்ட பிறகே கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தண்ணீர் அளக்க அனுப்பினால் படிப்பு என்ன ஆவது?
– பெற்றோர் ஒருவர், பெரம்பூர்

பதில்: பத்தாம் வகுப்பை விட்டுவிடலாம்; பொதுத்தேர்வு ஆண்டில் யாரும் மனம் ஒன்றி வரமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பே ஏற்ற வயது. வாரம் ஒருமணி நேரத்துக்கு மேல் தேவைப்படாது. அந்த வகுப்பின் கணிதப் பாடத்தில் கன அளவும் புள்ளியியலும் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் உள்ள கற்பனைத் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவதும் பள்ளியின் உண்மைத் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடுவதும் ஒரே பாடம்தான்.

கேள்வி: ஒரு குழாய் சொட்டினால் நாளுக்குப் பல வாளித் தண்ணீர் வீணாகிறது என்று சுவரொட்டிகளில் படிக்கிறோம். உண்மையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆவடி

பதில்: நீங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி இது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு மில்லி லிட்டருக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். ஏறத்தாழ 20 வரும். குழாயின் வாய் பெரிதாக இருந்தால் சொட்டும் பெரிதாகி எண்ணிக்கை குறையும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு, அதாவது ஏறக்குறைய 4.3 லிட்டர். பல வாளி இல்லை. அரை வாளிகூட இல்லை. ஆனால் ஃபிளஷ் தொட்டியின் மிதவை வால்வு கெட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் சத்தமில்லாமல் ஒழுகினால் நாளுக்கு 480 லிட்டர். கண்ணுக்குத் தெரியும் சொட்டைப் பற்றியே சுவரொட்டி எழுதுகிறோம். காதுக்கும் எட்டாத ஒழுக்கைக் கவனிப்பதில்லை. உங்கள் பள்ளிக்கு அடுத்த சுவரொட்டியை நீங்கள் எழுதும்போது இந்த இரண்டு எண்களையும் அருகருகே போடுங்கள். மிகைப்படுத்திய எண்ணை ஒருமுறை கண்டுபிடித்துவிட்ட வாசகர், பிறகு சரியான எண்ணையும் நம்பமாட்டார்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கிறது, வேலை செய்கிறதா என்று தெரியவில்லை. அருகிலுள்ள பள்ளி மாணவர்களை அழைத்து ஆய்வு செய்யச் சொல்லலாமா? அவர்களால் என்ன கண்டுபிடிக்க முடியும்?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: தாராளமாக அழைக்கலாம். இந்த வேலைக்கு மாணவர்களைப்போல் ஏற்றவர்கள் இல்லை என்றே சொல்வேன், ஏனென்றால் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின்போது அவர்கள் பிறந்திருக்கவே இல்லை; முன்முடிவு எதுவுமின்றிப் பார்ப்பார்கள். அன்றைய அவசரத்தில், கெடு நாளுக்குள் முடித்தாக வேண்டுமே என்று பெயருக்கு இறக்கிவிட்ட குழாய்களும் உண்டு, அக்கறையோடு அமைத்துப் பயன்பெற்ற வீடுகளும் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் நல்ல மழை பெய்து கிணறுகளில் நீர் ஏறியபோது, அந்தச் சட்டத்தைத் திட்டியவர்களே பாராட்டினார்கள். அதற்குப் பிறகு குழியைத் திறந்து பார்த்தவர்கள்தாம் குறைவு.

மாணவர்கள் சரிபார்க்க வேண்டியவை எளியவை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா? இறங்கும் குழாய் உண்மையில் குழிக்கோ கிணற்றுக்கோ போகிறதா, அல்லது பாதியில் வெட்டப்பட்டுத் தெருவிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் விழுகிறதா? வண்டி நிறுத்துமிடத்துக்காகக் குழியின்மேல் ஓடு பதித்துவிட்டார்களா? குழிக்குள் சல்லியும் மணலும் வண்டலால் இறுகிவிட்டனவா? கடைசிக் கேள்விக்கு இரண்டு மூன்று வாளித் தண்ணீரை ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலே பதில் கிடைத்துவிடும். தண்ணீர் தேங்கியே நின்றால் மேல்மணலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போடவேண்டும். அதைச் சங்கம் கூலி கொடுத்துச் செய்யட்டும். மாணவர்களைக் குழிக்குள் இறக்காதீர்கள்.

ஒரே அமைப்பு எல்லா வட்டாரத்துக்கும் பொருந்தாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். திருவான்மியூர், அடையாறு போன்ற கடலோர மணற்பகுதிகளில் ஆழம் குறைந்த உறிஞ்சு குழியே போதும். விருகம்பாக்கம், கொளத்தூர் பக்கம் களிமண். குழியில் விட்ட நீர் எளிதில் இறங்காது. உங்கள் வேளச்சேரியிலும் கிண்டியிலும் அடியில் பாறை. பழைய திறந்த கிணறு இருந்தால் மாடித்தண்ணீரை வடிகட்டி அதில் விடுவது இத்தகைய இடங்களில் நல்ல வழி. இந்த விவரங்களை நேரில் மாதிரிகளோடு பார்க்க விரும்புவோருக்காகவே 2002இல் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை சென்னையில் மழை மையம் ஒன்றை அமைத்தது.

கிணறு இருந்தால், கல் கட்டிய கயிறு ஒன்றை இறக்கி, விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று ஆகஸ்டில் ஒருமுறையும் சனவரியில் ஒருமுறையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறாக இருந்தால் அதைப் பெரியவர் எவராவது செய்யவேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட அந்த ஒற்றைப் பக்கம் எந்த விழிப்புணர்வுச் சொற்பொழிவையும் விட உங்கள் உறுப்பினர்களை அசைக்கும்.

இதற்குப் பணம் செலவிடுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. சென்னையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லி மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, 1,000 சதுர அடி மாடியில், வழியில் இழப்பதற்கென்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குமேல் கிடைக்கிறது. 2019 சூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் வந்த இரயில் ஒருமுறைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். அப்படிப்பட்ட 25 மாடிகளில் ஓராண்டு பெய்யும் மழை, அந்த இரயிலின் ஒரு நடைக்குச் சமம்.

காலத்தைப் பொறுத்து ஓர் எச்சரிக்கை: ஆய்வை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். சென்னை மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். தேர்வு விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பும்போது மழை தொடங்கிவிடும்.

கேள்வி: மழைமானியைப் பள்ளியிலேயே செய்ய முடியுமா?
– கணித ஆசிரியை, அம்பத்தூர்

பதில்: முடியும். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தோள்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனலைப்போல் அதன்மேலேயே பொருத்துங்கள். அடிப்பகுதி வளைந்திருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் என்று குறியிடுங்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மில்லி மீட்டரும் மழையின் ஒரு மில்லி மீட்டர். மரமும் சுவரும் மறைக்காத திறந்த வெளியில் வைத்து, வானிலை ஆய்வு மையம் கணக்கு முடிக்கும் நேரமான காலை 8.30க்கே நீங்களும் பாருங்கள். அப்போதுதான் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிட முடியும். ஒரே நாளில் அம்பத்தூரிலும் மீனம்பாக்கத்திலும் மழை எவ்வளவு வேறுபடுகிறது என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. அதையும் மழை அளவையும் ஒரே வரைபடத்தாளில் வரையச் சொன்னால், மழை பெய்த நாளுக்கும் ஏரி ஏறும் நாளுக்கும் உள்ள இடைவெளியை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் எவ்வளவு தண்ணீர் சேமித்தோம் என்று எழுதிவரச் சொன்னார்கள். நாங்கள் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். லாரி வந்தால்தான் தண்ணீர். அம்மாவும் நானும் குடத்தில் பிடித்துவந்து வைப்போம். நான் எதைச் சேமித்தேன் என்று எழுதுவது?
– பத்தாம் வகுப்பு மாணவி, தென்சென்னை

பதில்: நீங்கள் எழுதவேண்டியது சேமிப்பை அன்று, செலவை. உங்கள் வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை குடம், குடத்துக்கு எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டுங்கள். குடத்துக்கு 15 லிட்டர் வீதம் நாளுக்கு 12 குடம் பிடிக்கும் நால்வர் குடும்பம் என்றால் தலைக்கு 45 லிட்டர். நகர வீடுகளுக்கு இந்திய நெறிமுறை சொல்லும் அளவு தலைக்கு 135 லிட்டர். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு, சேமியுங்கள் என்று உங்களிடம் எவரும் சொல்லக்கூடாது. பாத்திரம் கழுவிய நீரைக் கழிப்பறைக்கு ஊற்றும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமானால், மாடிவீட்டுப் பிள்ளைகள் செயல்திட்டமாக எழுதிவருவதை நீங்கள் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு சொல். வீட்டுக்கணக்கு கேட்பதாக இருந்தால் பெயரில்லாத சீட்டில் வாங்குங்கள். கரும்பலகையில் பெயர்வாரியாக எழுதாதீர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டுப் பிள்ளைக்குத் தன் செலவு தெரியாது. குடம் தூக்கும் பிள்ளைக்குக் கடைசி லிட்டர்வரை தெரியும். சிக்கனத்தின் பாரம் முதலாமவர் பக்கம் இருக்க, மதிப்பெண் இருவருக்கும் ஒரே கேள்விக்கு வழங்கப்படுவது நியாயமாகாது. எவ்வளவு சேமித்தீர்கள் என்ற கேள்வியையே மாற்றி, எவ்வளவு கிடைக்கிறது, எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால் வகுப்பறையில் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: தண்ணீரைச் சிக்கனப்படுத்தச் சொன்னால் கழிப்பறைகள் நாறிவிடுமோ என்று அஞ்சுகிறேன். இது பெண்கள் பள்ளி.
– தலைமையாசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் மாணவியர் காலை முதல் மாலைவரை தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள். மாதவிடாய் நாள்களில் பள்ளிக்கே வரமாட்டார்கள். சிக்கனம் என்ற பெயரில் ஒரு கழிப்பறையைப் பூட்டுவதோ, ஒரு குழாயின் வால்வை அடைப்பதோ கூடவே கூடாது. பகல் நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் என்பது நெறிமுறை. உங்கள் கணக்கு அதற்கும் கீழே இருந்தால், குறைப்பதைப்பற்றிப் பேசாமல் கூடுதல் தண்ணீர் கேட்டு விண்ணப்பிக்க அந்தக் கணக்கையே சான்றாக இணையுங்கள்.

ஒழுகுவதை நிறுத்துவதால் எவருக்கும் குறைவு வராது. பழைய பத்து லிட்டர் ஃபிளஷ் தொட்டிக்குள், மிதவையில் இடிக்காத இடமாகப் பார்த்து, தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிஞ்சும். கழுவும் வேகம் குறைகிறது என்று மாணவியர் சொன்னால் எடுத்துவிடுங்கள். இன்னொன்று: நீர்க்குழு என்று பெயர் வைத்து மாணவியரைக் கழிப்பறை கழுவவோ தொட்டி சுத்தம் செய்யவோ பணிப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அது தூய்மைப் பணியாளரை நியமிக்காததை மறைக்கும் வழி. அதைக் கல்வி என்று அழைக்கவேண்டாம்.

கேள்வி: பள்ளியின் ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை என்ன செய்யலாம்?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், தாம்பரம்

பதில்: ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியேற்றும் இயந்திரங்கள் பரவலாக உள்ளன. அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விட்டுத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். உப்பு மிகுந்திருக்கும் என்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றவேண்டாம். அதற்கு முன், வரும் தண்ணீரின் உப்பளவை அறிய டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருந்தால் உப்பு நீக்கத் தேவையே இல்லை. கிருமி நீக்கம் மட்டும் போதும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியாளர். நகரின் தேவை நாளுக்குக் கோடிக்கணக்கான லிட்டர். தெருவுக்கடியில் பிரதானக் குழாய் உடைந்து ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் பாட்டில் வைத்துச் சேமிப்பது இதில் எந்த மூலைக்கு?
– அண்ணா நகர்

பதில்: மூலைக்குக்கூட வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகையையும் சேர்த்துச் சென்னையைச் சுற்றியுள்ள ஐந்து ஏரிகளின் கொள்ளளவு 12 டிஎம்சிக்கும் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) குறைவு. அவை வறண்டால் என்ன ஆகும் என்பதை 2019இல் பார்த்தோம். ஏரிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும், பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையின் திட்டமும் வந்தன. அரசும் குடிநீர் வாரியமும் செய்யவேண்டியதைப் பிள்ளைகள் தலையில் சுமத்துவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதை ஒரு பொறியாளராக நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் இரவு ஒழுகும் 300 லிட்டருக்கும் அந்த விலை உண்டு.

மேலும், உங்களிடம் உள்ள அறிவு அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்று நிலைகளில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள், நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனோடு, 2019 முதல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு முறைப்படி அனுமதி பெற்று உங்கள் வட்டாரப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் தெருவில் உடைந்த அந்தக் குழாயைப் பற்றி வார்டு உறுப்பினருக்கும் பகுதிப் பொறியாளருக்கும் ஒரு கடிதம் எழுதப் பயிற்சி கொடுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எந்தத் தேதியிலிருந்து, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆயிற்று, அதன்படி நாளுக்கு எத்தனை லிட்டர். தண்ணீர் வீணாகிறது, நடவடிக்கை எடுக்கவும் என்று மட்டும் எழுதும் மனுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அத்தகைய மனுக்களைப் பணிக்காலம் முழுவதும் வாங்கிய உங்களுக்கே நன்றாகத் தெரியும். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்கவேண்டாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.